சீட்டே இல்லாத கார் எதற்கு?

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வரும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. போன வாரம் எழுதியதையே வாசகர்கள் நீங்கள் சொன்னால்தான் தெரிகிறது. இந்த வாரம் எழுதப்போவதோ இன்ஜின் சமாசாரம். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும் - காரணம் ஒரு பெண்மணி.

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் வருமா, வராதா என்று யாருக்கும் தெரியாது. இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடக்கிற காலம். இன்றைக்கு மறியல் என்பார்கள், பஸ் ஓடும். ஒன்றும் இல்லை என்பார்கள், நின்றுவிடும். அப்போதுதான் அந்தப் பெண்மணி பக்கத்தில் வந்து, மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, குரலையும் இறக்கினாள்.

"நீங்க வடக்கனந்தல்தான?"

"ஆமாங்க."

"உங்க வூட்லதான் சாராயம் கடத்துற காரு செஞ்சிக்கினு இருக்காங்களாமே?"

நான் கூச்ச சுபாவக்காரி. முன்பின் தெரியாதவர்கள் மணி கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பதில் தேடி எடுப்பதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்... அந்தப் பார்வைக்குத்தான் இந்தப் பத்தி.

அம்மா, அது சாராயக் கார் இல்லை. என் மருமகள் செய்த கார்.

மருமகள் பெயர் பூங்கொடி. சின்னசேலத்தில் லாரி மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவரின் மகள். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு, சென்னையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தாள். என் மகன் சேகர் சிங்கப்பூரில் இருக்கிறான். லாக்டவுனில் ஒர்க்‌ஷாப்பை மூடியதும் பூங்கொடி இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள். புடவைப் பெட்டிதானே என்று ஒன்றைத் தூக்கப் போனேன். அசையவில்லை. அடுத்ததைத் தொட்டேன். அதுவும் அசையவில்லை. இரண்டிலும் ஸ்பேனர்.

புடவை இல்லாமல் வீட்டுக்கு வருகிற மருமகளைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தேகம் வருமா, வராதா? எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

"அத்தை, மாட்டுக் கொட்டாய் சும்மாதான கீது?" என்றாள் ஒருநாள் காலையில்.

மாடுகளை விற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. சும்மாதான் இருந்தது. சும்மா இருக்கிறது என்று சொன்னது மட்டும்தான் நான். மறுவாரம் அங்கே ஒரு பழைய சின்னக் கார் வந்து நின்றது. ஊரில் வாத்தியார்கள் எல்லாம் ஒருகாலத்தில் வைத்திருந்தார்களே, நாலு பேர் முழங்காலை மடக்கி உட்காருகிற கார் - அது.

கார் வாங்கினால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? சீட் கவர் மாட்டுவார்கள். பாட்டுப் பெட்டி மாட்டுவார்கள். எலுமிச்சம்பழம் கட்டுவார்கள். இவள் கழற்ற ஆரம்பித்தாள். சீட்டைக் கழற்றினாள். பாயைக் கழற்றினாள். கதவுக்கு உள்பக்கம் இருந்த அட்டையைக்கூட விடவில்லை. கடைசியில் ஓட்டுகிறவருக்கு ஒரே ஒரு சீட், அதுவும் தொட்டில் மாதிரி குழிந்த ஒன்று. மற்ற இடத்திலெல்லாம் இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் வைத்துக் கூண்டு கட்டினாள்.

"எதுக்கும்மா கூண்டு?"

"கவுந்தா தலைக்கு ஒண்ணும் ஆவாது அத்தை."

கவிழும் என்று தெரிந்தே செய்கிற வண்டி. இதற்கு என்ன சொல்வது?

பின் சீட்டை மட்டும் நான் காயலான் கடைக்குக் கொடுக்கவில்லை. அது இப்போது எங்கள் கூடத்தில் கிடக்கிறது. அதில் உட்கார்ந்துதான் மணிலாக்கொட்டை, அதான் வேர்க்கடலை, உரிக்கிறேன். இதை எழுதுவதும் அதில் உட்கார்ந்துதான். பரவாயில்லை, நல்ல மெத்து.

இது ரோட்டில் ஓட்டுகிற கார் இல்லையாம். டிராக் கார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அதற்கென்றே வளைத்து வளைத்துப் போட்ட தளம் இருக்கிறதாம். அங்கே சுற்றிச் சுற்றி ஓட்டுவதுதான் வேலை.

"சுத்தி எங்க போறது?"

"எங்கயும் போறதில்ல அத்தை. பொறப்பட்ட எடத்துக்கே வர்றதுதான்."

"பொறப்பட்ட எடத்துக்கே வர்றதுக்கு எதுக்கு இவ்ளோ அவசரம்?"

"நீங்க கோயில எதுக்குச் சுத்துறீங்க?"

"நான் மெதுவாத்தான சுத்துறேன்."

அவள் சிரித்துக்கொண்டே காருக்கு அடியில் நுழைந்துவிட்டாள். காருக்கு அடியில் போய்விட்டால் அவளுக்குக் காது கேட்காது. அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்தது இன்ஜின். காரில் இருந்த இன்ஜினுக்குச் சக்தி போதாதாம். டர்போ வைத்த வேறு இன்ஜின் வேண்டுமாம். அது எங்கே கிடைத்தது தெரியுமா? கல்வராயன் மலையில். மலை ரோட்டு வளைவு ஒன்றில் ஒரு புதுக் கார் பள்ளத்தில் உருண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் கை கால் சிராய்ப்போடு தப்பித்தார்கள். காருக்குத்தான் முகமே இல்லை. அதைப் பழைய இரும்பு விலைக்கு விட்டபோது பூங்கொடி இன்ஜினை மட்டும் கேட்டு வாங்கினாள். பள்ளத்திலிருந்து கயிறு கட்டி மேலே ஏற்றிக் கொடுத்தவர் சடையன். மலையில் சாமை பயிர் செய்கிறவர். சந்தை நாளில் கீழே இறங்கும்போது எங்கள் வீட்டுக்கும் சாமை கொண்டுவந்து போடுவார்.

வந்த இன்ஜினை இறக்கி ஏற்ற, வாசல் வேப்பமரத்துக் கிளையில், பாரம் தூக்குகிற சங்கிலிக் கப்பி, செயின் பிளாக் மாட்டினாள். நாலு நாளைக்கு மழை. இன்ஜின் நனையக்கூடாதென்று என் பழைய புடவையைச் சுற்றி, அப்படியே கிளையில் தொங்கவிட்டிருந்தாள். எங்கள் தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்காமல் போவார்களா?

பக்கத்து வீடு காசியம்மா - என் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. என்னைவிட மூத்தவள். வேலி ஓரமாக வந்து நின்றாள்.

"மரத்துல இன்னாடி தொங்குது?"

"இன்ஜின்க்கா."

"இன்ஜினுக்கு எதுக்குடி பொடவ?"

மழைக்கு என்று சொல்ல நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்ததையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

டர்போ என்றால் என்ன என்று நானும் கேட்டேன். பூங்கொடி பொறுமையாகச் சொன்னாள். இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகை வீணாகத்தானே போகிறது? அந்தப் புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிடுவார்களாம். அதே தண்டில் அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் அமுக்குமாம். காற்று ஜாஸ்தியானால் பெட்ரோலையும் ஜாஸ்தி எரிக்கலாம். வண்டி பறக்கும்.

எனக்கு உடனே புரிந்தது. கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சும்போது என்ன செய்வோம்? பிழிந்து போட்ட சக்கையைக் காயவைத்து, அதையே கொப்பரைக்கு அடியில் எரிப்போம். சாறு எடுத்த சக்கையை வைத்தே சாற்றைக் காய்ச்சுவது. இதைச் சொன்னதும் பூங்கொடி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அதான் அத்தை. அதேதான்." மூன்று மாதத்தில் அவள் என்னைப் பார்த்து அப்படி ஒரு முகம் காட்டியது அன்றைக்குத்தான். அதையும் சந்தேகப்பட்டேன், என்னிடம் ஏதோ கேட்கப்போகிறாள் என்று. கேட்டாள். கொட்டகைக்கு இன்னொரு லைட் வேண்டுமாம்.

இன்ஜின் முதல்முதலாகச் சத்தம் போட்ட அன்றைக்கு "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சீறல் கேட்டது. பாம்பு என்று கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். டர்போ காற்றை விடுகிற சத்தமாம். கல்யாணமான பெண்ணைப் பார்த்தால் எங்கள் ஊரில் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்றுதான் கேட்பார்கள். இவளிடம் மட்டும் "இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதுகூட நல்லதற்குத்தான் என்று வையுங்கள்.

ஆனால் சந்தேகம் அடங்குமா? சாராயம் காய்ச்சுவதாகப் பேர் வாங்கிய மலையின் ஆள் வந்துபோகிற வீடு, சீட் இல்லாத கார், உள்ளே குழாய், பறக்கிற இன்ஜின். காசியம்மா கணக்குப் போட்டுவிட்டாள்.

"சீட்டு இல்லாத எடத்துல கேனு வெப்பாங்கடி. எனக்குத் தெரியாதா?"

கீழே இப்படி என்றால் மேலே வேறு மாதிரி. சடையன் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, ஒண்ணு கேப்பேன், கோச்சிக்கக் கூடாது. இது சந்தனக்கட்ட ஏத்தற வண்டி இல்லியே?"

"யாருங்க சொன்னது?"

"எங்க ஊர்ல பேசிக்கறாங்க. கீழ இருந்து வர்ற வண்டின்னா எங்களுக்கு ஒரு சந்தேகம். மேல இருந்து வர்ற ஆளுன்னா உங்களுக்கு ஒரு சந்தேகம். சரிதான?"

சரிதான். நான் மோர் எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஏட்டையா வந்தார். போராட்டக் காலம் இல்லையா, ஊரில் எந்த வண்டி எந்த வீட்டில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு போகிறார்கள். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மறியலுக்கு ஆள் ஏத்திக்கினு போற வண்டியா?"

"சீட்டே இல்லீங்களே சார், ஆள எங்க ஏத்துறது?" என்றாள் பூங்கொடி.

"அதாம்மா சந்தேகமே."

பார்த்தீர்களா? ஒரே கார். தெருவுக்குச் சாராயம், மலைக்குச் சந்தனக்கட்டை, ஸ்டேஷனுக்கு மறியல். என் மகனுக்குச் சிங்கப்பூரில் இருந்துகொண்டே தனிச் சந்தேகம் - பெண்டாட்டி இனிமேல் ஒழுங்கான வேலைக்கே போகமாட்டாளோ என்று. அவனிடம் போனில் நானும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். "கொட்டாய்ல ரெண்டு மாடு நின்னா நல்லாத்தாண்டா இருக்கும்." அவ்வளவுதான் சொன்னது. பக்கத்தில் பூங்கொடி நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அவன் அவளிடம் கறாராகப் பேசிவிட்டான். டிராக்கை வெளி ஆட்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடப் போகிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. "அன்னிக்கு அது ஓடணும். நான் போன்ல கண்ணால பாக்கணும். ஓடலன்னா காயலான் கடைக்குப் போட்டுட்டு மாடு கட்டு. அம்மாவுக்கும் அதான் ஆச." பூங்கொடி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "சரி."

அந்த "சரி"யில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. மாதக்கணக்கான உழைப்பு இருந்தது. விரலில் வெல்டிங் சுட்ட தழும்பெல்லாம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. டர்போவிலிருந்து எண்ணெய் கசிகிறது என்று அதைத் தனியாகக் கழற்றினாள். கசியாமல் இருக்க இடையில் வைக்கிற தகடு, கேஸ்கெட், ஒன்று மாற்றினால் போதும். கழற்றிய டர்போ சின்னத் தேங்காய் அளவு இருந்தது. நத்தை ஓடு மாதிரி சுருண்டிருந்தது. பலகை மேல் வைத்துத் துணி போட்டு மூடினாள். அன்றைக்குச் சந்தை நாள். சடையன் சாமையோடு வந்தவர், அதைக் குனிந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார். சாயங்காலம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று ஊரைச் சுற்றியது. மறுநாள் கள்ளக்குறிச்சியில் ஆர்ப்பாட்டம், எல்லோரும் வாருங்கள் என்று. அதற்குப் பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் ஒரு சுற்றுச் சுற்றியது.

சனிக்கிழமை காலையில் பலகை மேல் துணி இருந்தது. டர்போ இல்லை.

பூங்கொடி கத்தவில்லை. பலகைக்குக் கீழே பார்த்தாள். காருக்குள் பார்த்தாள். வேப்பமரத்தடியில் பார்த்தாள். பிறகு கொட்டகை வாசலில் நின்றுவிட்டாள். டர்போ இல்லாவிட்டால் அந்த இன்ஜின் ஓடாது. மறுநாள் ஞாயிறு. வேறு ஒன்று வாங்கிவர ஊரில் கடை ஏது?

என் மனசு எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நேராகச் சடையனிடம் போனது. குனிந்து பார்த்தாரே... ரொம்ப நேரம் பார்த்தாரே... இரும்பு விலைக்குப் போகுமே... பூங்கொடிதான் அவருக்குப் போன் போட்டு, இந்த மாதிரி ஆகிவிட்டது, யாராவது விற்க வந்தால் சொல்லுங்கள் என்றாள். அவர் ராத்திரி மலை ஏறாமல் கீழேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்திருக்கிறார். அரை நாழிகையில் நேரில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். தோளில் இருந்த பையை இறக்கி, வாயை அகல விரித்து என் எதிரில் வைத்தார்.

"பாத்துக்கங்கம்மா."

"நான் ஒண்ணும் கேக்கலியே..."

"கேக்கல. பாத்தீங்க இல்ல? எனக்குப் பழக்கம்தான். கீழ எறங்குனா பையத் தொறந்து காட்டறது."

பையில் ஒரு துண்டும், பேத்திக்கு வாங்கிய பொரி உருண்டையும் இருந்தன. எனக்குத் தலை நிமிரவில்லை. பூங்கொடி அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அத்தை... நீங்க எங்கனா எடுத்து வெச்சீங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? இத்தனை நாள் நான் ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். என்னை ஒருவர் சந்தேகப்படுவார் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஆனால் அவள் கேட்டது நியாயம்தான். மாடு வேண்டும் என்றவள் நான். டர்போ தொலைந்தால் கொட்டகை யாருக்கு? எனக்குத்தானே.

"இல்லம்மா" என்றேன். பின்கட்டுக்குப் போய்விட்டேன். கை சும்மா இருந்தால் அழுகை வரும் என்று வெந்நீர் அடுப்புக்கு விறகு பிளக்கலாம் என்று கோடாரியைத் தேடினேன்.

கோடாரி இல்லை.

சுவர் ஓரம் கடப்பாரை இருக்கும். அதுவும் இல்லை. கொல்லையில் செருகியிருந்த அரிவாளும் இல்லை.

உட்கார்ந்து யோசித்தேன். டர்போ விலை உயர்ந்தது, திருடலாம். பிடி ஆடுகிற என் கோடாரியை எந்தத் திருடன் எடுப்பான்? டர்போவையும் கோடாரியையும் சேர்த்து எடுக்கிற ஆள் யார்?

இதற்கு நான் முப்பது வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும். ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்களே, அந்தப் பழைய இடஒதுக்கீட்டுப் போராட்ட வருஷம். மரம் வெட்டினவர்கள் யார் என்று தேடி வீடு வீடாகப் போலீஸ் வந்தது. எந்த வீட்டில் கோடாரி இருந்ததோ, அந்த வீட்டு ஆளை ஜீப்பில் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்கு விறகுதான் பிளந்துகொண்டிருந்தார். கையில் கோடாரி இருந்தது. போதாதா?

அவர் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு பழக்கம். போராட்டம் என்று பேச்சு வந்து, ஜீப் சத்தமும் கேட்டால், ஆம்பிளைகளுக்குச் சொல்லாமலே வீட்டு இரும்பையெல்லாம் எடுத்து மறைத்துவிடுவோம். எங்கே? காசியம்மா வீட்டுக் கொல்லையில் இருக்கும் வறட்டிக் குவியலில். சாணி வறட்டிக்குள் எந்தப் போலீஸ்காரரும் கை விடமாட்டார்.

நான் ஓடினேன். இந்த வயதில் ஓட்டம் என்று சொல்லக்கூடாதுதான், ஆனாலும் ஓடினேன். காசியம்மா வீடு பூட்டியிருந்தது. காலையிலேயே வேன் ஏறி ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விட்டாளாம். போனும் வைத்துக்கொள்ளமாட்டாள். பூங்கொடியும் சடையனும் பின்னாலேயே வந்தார்கள். மூன்று பேரும் வறட்டியை அடுக்கு அடுக்காகப் பிரித்தோம். என் கோடாரி வந்தது. கடப்பாரை வந்தது. தெருவில் உள்ள அரிவாள், ரம்பம் எல்லாம் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மூட்டை.

பிரித்தோம். டர்போ. அதைச் சுற்றியிருந்தது காசியம்மாவின் பட்டுப் புடவை. அவள் தம்பி மகள் கல்யாணத்துக்குக் கட்டியது. அதை நான் ஒருநாள் இரவல் கேட்டதற்குத் தரமாட்டேன் என்றவள்.

பூங்கொடி அங்கேயே, வறட்டிக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தாள். தடங்கல் இல்லாமல் சுற்றியது. அப்போதுதான் என்னைப் பார்த்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. "அத்தை, நாளைக்கு நீங்களும் வாங்க" என்றாள்.

சாயங்காலம் காசியம்மா தொண்டை கட்டிப்போய் வந்து இறங்கினாள். நான் வேலியருகே காத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க்கா, எங்க கொட்டாய்க்குள்ள பூந்து அத ஏன் எடுத்த? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? ஊரெல்லாம் போலீசு சுத்துது. சாராயம் காய்ச்சற மிஷின பலக மேல பரப்பி வெச்சிக்கினு..."

"அது சாராய மிஷின் இல்லக்கா."

"ஆமாமா. நீ நம்பு." வெற்றிலையைத் துப்பிவிட்டு என் கிட்டே வந்தாள். "உன் புருசன ஜீப்புல ஏத்திக்கினு பூட்டப்ப நீ இன்னா பண்ண? குந்திக்கினு அழுத. இப்ப அந்தப் பொண்ண ஏத்திக்கினு பூட்டா இன்னா பண்ணுவ? அதேதான் பண்ணுவ. சாராயமோ கீராயமோ, நம்ம வூட்டுப் பொண்ணுடி அது."

ஊரெல்லாம் சாராயக் கார் என்று பரப்பியது இவள்தான். சாராயக் கார் என்று நம்பிக்கொண்டே அதைப் பட்டுப் புடவையில் சுற்றி மறைத்ததும் இவள்தான். சந்தேகப்படுவது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. எங்கள் தெருவில் முதலாவதை எல்லோரும் தினமும் செய்வார்கள். இரண்டாவதை யாரும் செய்யமாட்டார்கள்.

ராத்திரியே பூங்கொடி டர்போவைப் பொருத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காரை மினி லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். டிரைவர் பக்கத்தில் பூங்கொடி, ஓரத்தில் நான். என்னை ஏன் கூப்பிட்டாள் என்று வழியெல்லாம் யோசித்தேன். வயதானவள் உட்கார்ந்திருந்தால் போலீஸ் மறிக்காது என்று கணக்குப் போட்டிருப்பாளோ? அப்படி இருந்தால் கணக்குத் தப்பு. உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் மறித்துவிட்டார்கள். வண்டியை நிறுத்தி ஒரு சின்ன வயசுப் போலீஸ்காரர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா ஆயா இது?"

முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதவள் நான். அன்றைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"என் மருமவ வண்டிங்க. சாராயம் இல்லீங்க. சந்தனக்கட்ட இல்லீங்க. மறியலுக்குப் போறதில்லீங்க."

அவர் கேட்டது ஒரு கேள்வி. அவர் கேட்காத மூன்றுக்கும் சேர்த்து நான் பதில் சொல்லிவிட்டேன். அவர் உடனே விசில் ஊதி இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். வண்டி முழுக்க மோந்து பார்த்தார்கள். டர்போ பக்கம் வந்ததும் ஒருவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா, வறட்டி நாத்தம் அடிக்குது?"

"அது பெரிய கதைங்க சார்" என்றாள் பூங்கொடி. கதை கேட்க அவர்களுக்கு நேரம் இல்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. விட்டுவிட்டார்கள்.

டிராக்கில் பளபளவென்று எத்தனையோ கார்கள். எங்கள் கார்தான் சின்னது, எங்கள் காரில்தான் வெல்டிங் தழும்பு அதிகம். பூங்கொடி ஹெல்மெட் போட்டுக்கொண்டு அந்தக் கூண்டுக்குள் நுழைந்தாள். நான் சேகருக்கு வீடியோ கால் போட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கம்பி ஓரம் நின்றேன்.

முதல் சுற்றில் சத்தம் வந்தது, கார் வந்தது, போனது. இரண்டாவது சுற்றில் "டப்" என்று ஒரு சத்தம். கார் மூச்சு வாங்கிக்கொண்டு ஊர்ந்து வந்து ஓரமாக நின்றது.

"இன்னாம்மா ஆச்சு? நின்னுடுச்சா?" என்றான் சேகர் போனில்.

"இருடா."

"அவ்ளோதானாம்மா?"

"இருன்னு சொன்னேன் இல்ல."

காற்றுக் குழாய் ஒன்று கழன்றுகொண்டதாம். பூங்கொடி குனிந்து, கிளிப்பை முறுக்கி, மறுபடி உட்கார்ந்தாள். அந்த "உஸ்ஸ்ஸ்" கேட்டது. இந்தத் தடவை நான் கம்பு தேடவில்லை. கார் போனது பாருங்கள்... எங்கள் பக்கத்து வளைவைத் தாண்டும்போது நெஞ்சுக்குள் ஏதோ இழுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. சுற்று முடிந்து வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது. பிறகு எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை.

பக்கத்தில் நின்ற ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இந்தக் கார்ல என்ன ஃப்யூயல் போடுறாங்க? வித்தியாசமா ஒரு வாசனை வருதே" என்று சந்தேகத்தோடு கேட்டார். அது எங்கள் ஊர் ரகசியம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

"ஓடுதுமா" என்றான் சேகர் போனில்.

"ஓடுது."

"அப்ப மாடு?"

"கொட்டாய்ல எடம் இல்லடா" என்றேன்.

இதுதான் அம்மா, பஸ் ஸ்டாண்டில் உங்களுக்குச் சொல்லாமல் விட்ட பதில். கொஞ்சம் நீளமாகிவிட்டது. உங்கள் பஸ் நின்றிருந்தாலும் இவ்வளவையும் சொல்லியிருக்கமாட்டேன்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. மறதிக்காரி எழுதியது, விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். டர்போவில் எந்தச் சக்கரம் புகையில் சுற்றுகிறது, எது காற்றை அமுக்குகிறது என்று மாற்றிப் போட்டிருப்பேன். கழன்ற குழாயின் பெயரும் ஞாபகம் இல்லை. இன்னொன்று. இந்த வாரம் பூங்கொடி காருக்குள் ஓட்டுகிறவர் பக்கத்தில் புதிதாக நாலு ஓட்டை போட்டு, இன்னொரு சீட்டுக்குக் கம்பி பொருத்திக்கொண்டிருக்கிறாள். யாருக்கு என்று கேட்டால் காருக்கு அடியில் போய்விடுகிறாள். நேற்று நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, இடுப்பளவு எடுக்கிற மாதிரி என்னைச் சுற்றி டேப் வைத்துப் பார்த்தாள். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது... தயவுசெய்து யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.